சந்தனப் பொட்டோடு அம்பத்தூர் போன செல்கள்

நாகர்கோவில்காரியான எனக்குப் பூந்தமல்லி வெளிநாடுதான். விசா கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பேச்சு வேறு, மீன் குழம்பில் தேங்காய் இல்லை, வழி கேட்டால் திசை சொல்லாமல் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடுகிறார்கள். நான்கு வருடமாக இதன் பக்கத்தில் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். ஆனாலும் விடுதிக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில் உள்ள வேப்பமரத்தைத் தாண்டி இந்த நாட்டை நான் சுற்றிப் பார்த்ததில்லை. போன ஆயுத பூஜைக்குத்தான் அந்த யோகம் வந்தது. கூடவே சில லட்சம் பேரை அழைத்துப் போனேன். அத்தனை பேரும் மார்பகப் புற்றுநோய் செல்கள்.

விஷயம் இதுதான். உள்ளங்கை அகலத்தில் இரண்டு பிளாஸ்டிக் ஃபிளாஸ்க்குகள். இரண்டிலும் ஒரே குடும்பத்துச் செல்கள். ஒன்றில் மட்டும் கூடுதலாக ஒரு மரபணுவை ஏற்றியிருக்கிறோம். புற்றுநோய் பரவுவதை அடக்கும் மரபணுக்கள் என்று ஒரு கூட்டம் உண்டு, அதில் இதுவும் ஒன்று. இது கட்டி வளர்வதைத் தடுக்காது. இருக்கிற இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பெருகிக்கொள், ஆனால் கிளம்பிப் போய் எலும்பிலும் நுரையீரலிலும் குடியேறாதே என்று பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. மார்பில் இருக்கும் கட்டியை அறுத்து எடுத்துவிடலாம். பெரும்பாலும் உயிரை எடுப்பது அங்கிருந்து கிளம்பிப் போன செல்கள்தான். அதனால் அவற்றைக் கிளம்பவிடாத எதுவும் எங்களுக்குப் பெரிய விஷயம்.

மரபணு ஏற்றிய ஃபிளாஸ்க்கின் மேல் மார்க்கர் பேனாவால் கூட்டல் குறி போட்டிருந்தேன். ஏற்றாததற்குக் கழித்தல் குறி. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது, இரண்டும் ஒரே வேகத்தில் வளரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் இதற்காக அழப்போகிறேன்.

மாற்றுக்கு என்று உறையவைத்திருந்த செல்கள், அவற்றைக் குளிரில் வைத்திருக்கும் நைட்ரஜன் உருளையில் தீர்ந்ததை யாரும் கவனிக்காததால் செத்துப்போயிருந்தன. என் இரண்டு வருட உழைப்பில் மிச்சம் இந்த இரண்டு ஃபிளாஸ்க்தான். அந்த நேரம் பார்த்து, பூஜை விடுமுறையில் கல்லூரி முழுக்க மின்சார வேலை, நாலு நாள் கரண்ட் கிடையாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் தோழி நசீமா, செல்களை வெதுவெதுப்பாக வைக்கும் தன் இன்குபேட்டரில் இடம் தருவதாகச் சொன்னாள். ஆனால் அவர்கள் கூடமும் பூஜைக்குப் பூட்டியிருக்கும், விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் கொஞ்சம் வேலை தொடங்குவார்கள், அப்போது கொண்டுவா என்றாள். நடுவில் இரண்டு ராத்திரி செல்களை வைத்துக்கொள்ள ஆவடியில் என் சித்தி வீடு இருந்தது, இதுவரை அவர்கள்தான் விடுதிக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முதல் நாள்.

ஃபிளாஸ்க்குகளைக் கழுத்துவரை செல்களுக்கு உணவான செந்நிறத் திரவத்தால் நிரப்பி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றித் தோள்பைக்குள் வைத்தேன். கசிந்தாலும் யாருக்கும் தொற்றாது, ஆனால் குளிர்ந்தால் செல்களுக்கு ஆகாது. உடம்புச் சூடு படட்டும் என்று பையை வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். பூந்தமல்லி பஸ்ஸில் ஏறியதும் ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். இவ்வளவு மரியாதையான நாடா என்று வியந்துகொண்டே உட்கார்ந்தேன்.

பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காக ரோட்டைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பஸ் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. பஸ் நிலையத்து வாசல் முழுக்கப் பூசணிக்காய், வாழைக்கன்று, பொரி மூட்டை. மிளகாய் பஜ்ஜி இரண்டு வாங்கித் தின்றேன். எங்கள் ஊர் பழ பஜ்ஜிக்குப் பழகிய நாக்கு கொஞ்ச நேரம் என்னோடு பேசவில்லை. ஆவடி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒருவர் எட்டுப் பூசணிக்காயோடு வந்து உட்கார்ந்தார். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு காய் என் பக்கம் உருண்டு வந்தது.

“அண்ணாத்தே, காய மடில வெச்சிக்கோ. அந்தப் பொண்ணு வவுத்துப் புள்ளக்காரி, பத்தரமா புடிச்சிகினு கீது பாரு” என்றார் கண்டக்டர். எங்கள் ஊர் வாசகர்களுக்காக மொழிபெயர்க்கிறேன்: ஐயா, காய்களைத் தங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பெண் கர்ப்பிணி. பெரியவர் ஏன் இடம் கொடுத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. மறுத்துச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஆவடி இன்னும் தூரம், உட்கார இடமும் நன்றாக இருந்தது. பூசணிக்காய்க்காரர் எத்தனை மாதம் என்று கேட்டார். இரண்டு வருடம் என்று சொல்ல வந்து, ஐந்து மாதம் என்றேன்.

பகவதி சித்தி அம்மாவின் தங்கை. பாதுகாப்புத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை கிடைத்து ஆவடிக்கு வந்தவர், அங்கேயே இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்த கன்னியப்பன் சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டார். சித்தப்பா பட்டாபிராம் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். அவர் பேச்சில் அந்த மண்ணும் சென்னையும் கலந்திருக்கும். சித்தி இருபத்தாறு வருடம் இங்கே வாழ்ந்தும், கோபம் வந்தால் மட்டும் நேராக நாகர்கோவிலுக்குப் போய்விடுவார்.

சித்திக்கு ஆறு வருடத்துக்கு முன் மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறார். வருடா வருடம் பரிசோதனை, வருடா வருடம் நல்ல செய்தி. குறை ஒன்றே ஒன்றுதான், எங்கள் ஊர்ப் பக்கத்துத் திற்பரப்பு அருவியில் போய்க் குளிக்க வேண்டும். அதை ஆறு வருடமாகக் கேட்கிறார். சித்தப்பா ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருப்பார். லீவு இல்லை, மழை, ஊரில் மழையே இல்லை, பைக்குக்கு சர்வீஸ் விடவேண்டும். ரயிலில் போவதற்கு பைக் சர்வீஸ் எதற்கு என்று சித்தி கேட்டால், பைக்கைத் துடைக்கப் போய்விடுவார்.

செல்களுக்கு முப்பத்தேழு டிகிரி வேண்டும் என்றேன். சித்தி யோசிக்கவே இல்லை. தயிர்ப் பாத்திரத்தை நகர்த்திவிட்டு, டிவிக்குக் கீழே இருந்த செட்டாப் பாக்ஸைக் காட்டினார். அந்த வீட்டில் தயிர் உறைவது அதன் மேல்தான். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், சீரியல் ஓடும்போது முப்பத்தாறரை, பாதி நாள் ஓடிய பிறகு முப்பத்தேழு. எங்கள் கல்லூரி இன்குபேட்டர் இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டது கிடையாது.

“இன்னா பாப்பா இது, ரோஸ்மில்க்ல பால ஊத்த மறந்துட்டாங்களா?” என்று சித்தப்பா கையை நீட்டினார். நான் பாய்ந்து தடுத்தேன். பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, எதைத் தொட்டாலும் முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவேண்டும், அழுக்கோடு வைத்தால் தொழிலே கெட்டது என்று ஒரு நீண்ட வகுப்பு எடுத்தேன். முப்பத்தோரு வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

மரபணுவைப் பற்றியும் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்து, என்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை, அப்படியானால் இது கைபிரேக் என்றார். என் வழிகாட்டிப் பேராசிரியர் நாற்பது ஸ்லைடில் சொல்வது அதுதான். பல புற்றுச் செல்களில் இந்த பிரேக் உடைவதுகூட இல்லை, மரபணு அப்படியே இருக்கும், வேலை செய்யாமல் அணைந்து கிடக்கும் என்றேன். “அப்ப ரிப்பேர் இல்ல. கைபிரேக்க இழுக்க மறந்துட்டான்” என்று முடித்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

இரண்டாம் நாள்.

ஆயுத பூஜை. குளித்துவிட்டு வந்து பார்த்தேன். கூடத்தில் வாழையிலை விரித்து, டிரில்லிங் மெஷின், ஸ்பேனர் செட், பைக் சாவி, மிக்ஸி, தையல் மெஷின், டிவி ரிமோட் எல்லாம் பொட்டும் பூவுமாக வரிசையாக இருந்தன. நடுநாயகமாக என் இரண்டு ஃபிளாஸ்க்குகள். இரண்டுக்கும் சந்தனம் வைத்திருந்தது. ஒன்றுக்கு மட்டும் அதன் மேல் குங்குமம். இன்னொன்றுக்கு வைக்கப்போகும்போது யாரோ காலிங் பெல் அடித்துவிட்டார்களாம். அதற்கு முன் சித்தப்பா செய்தது என்னவென்றால், விருந்தாளியின் தொழில் சாமானை அழுக்கோடு பூஜையில் வைக்கலாகாது என்று என் ஸ்பிரிட்டால் இரண்டையும் பளிச்சென்று துடைத்திருந்தார். கூட்டல் குறியும் இல்லை, கழித்தல் குறியும் இல்லை.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்தியில் உருகிவிட்டேன் என்று நினைத்துச் சித்தி என் நெற்றியில் திருநீறு பூசி, கையில் சுண்டல் கொடுத்தார். சுண்டலைத் தின்றுகொண்டே அழுதேன். நன்றாகத்தான் இருந்தது, தேங்காய் தாராளமாகப் போட்டிருந்தார்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு. பெயர் இல்லாத ஃபிளாஸ்க் நேராக பிளீச்சுக்குள் போகவேண்டும். அதில் என்ன இருக்கிறது என்று ஊகித்து எழுதுவது எங்கள் தொழிலில் திருட்டுக்குச் சமம். இதை நான் விக்கி விக்கிச் சொன்னதும் சித்தப்பாவின் முகம் கறுத்துப்போனது. பிறகு மெதுவாகத்தான் பேசினார். “டேக் இல்லாத பார்ட்டு ஸ்கிராப்புக்குத்தான் போகணும் பாப்பா. இதே தப்புக்கு நான் எத்தினி பேர் மேல எகிறிகீறேன் தெரியுமா.”

சித்தி ஒரு வழி சொன்னார். சாமி முன்னால் இரண்டு சீட்டு எழுதிப் போட்டு ஒன்றை எடுத்துப் பார்க்கலாமே என்றார். சிரிக்காதீர்கள், ஒரு நிமிடம் நானும் பேனாவைத் தேடினேன். பிறகு அறிவியல் திரும்பி வந்தது. வளர்ச்சியில் வித்தியாசம் தெரியாது, சரி. ஆனால் கிளம்பிப் போவதில் தெரியுமே. நசீமாவிடம் அதற்கான சோதனைக் கிண்ணங்கள் இருந்தன. போனில் சொன்னதும் கொண்டுவரச் சொன்னாள். கிண்ணம் காலை வாரினால் பிளீச் இருக்கவே இருக்கிறது என்றும் சொன்னாள். குறிப்பேட்டில் ஃபிளாஸ்க்குகளுக்குத் தற்காலிகப் பெயர் எழுதினேன்: சந்தனம், குங்குமம்.

மூன்றாம் நாள்.

தனியாகப் போகிறேன் என்றேன், சித்தப்பா கேட்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில், பொரி கடலைப் பையோடு முன்னால் நடந்தார். ஆவடியில் பிறந்து வளர்ந்தவர் கூடவே வருகிறாரே என்று நானும் எதையும் பார்க்காமல் அவர் ஏறிய ரயிலில் ஏறினேன். எஸ்டேட்டுக்கு இறங்கவேண்டிய பட்டரவாக்கத்துக்கு இன்னும் எத்தனை ஸ்டேஷன் என்று நான் கேட்க, அவர் குனிந்து வெளியே இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தார். ரயில் நெமிலிச்சேரியில் நின்றுகொண்டிருந்தது, அதாவது திருவள்ளூர் போகும் வழியில். ஐம்பத்தொன்பது வருட ஆவடிக்காரர் எதிர்த்திசை ரயிலில் என்னை ஏற்றியிருந்தார்.

பக்கத்தில் நின்றவர், “இன்னா நைனா, சொந்த ஊர்லயே தொலஞ்சிட்டியா?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

அடுத்த ரயிலுக்காக பெஞ்சில் உட்கார்ந்தோம். ஃபிளாஸ்க் பை என் வயிற்றோடு. சித்தப்பா பொரியை நீட்டினார், ஆனால் அவர் சாப்பிடவில்லை. பையின் வாயை முறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டார்.

“உங்க சித்திக்கும் அந்த பிரேக் இருந்திருக்கும் இல்ல பாப்பா? அதனாலதான் எங்கயும் பரவாம நின்னுகினு கீதா?”

ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதுவும் பெயர் இல்லாத ஃபிளாஸ்க்குக்குப் பெயர் எழுதுவதுதான். தெரியவில்லை சித்தப்பா என்றேன். சித்தியின் கட்டியில் அந்த மரபணு எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், முழுசாக எடுத்தார்கள், சித்தி ஒரு வேளை விடாமல் மருந்து சாப்பிட்டார், அவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரியும் என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். “திற்பரப்புக்கு ஏன் கூட்டிகினு போகலன்னு அவ கேட்டுகினே கீறா. லீவெல்லாம் நிறைய கீது பாப்பா. ஆஸ்பத்திரிய உட்டுத் தூரமா போனா, உள்ள கீற அதுவும் எங்கனா கெளம்பிடுமோன்னு ஒரு பயம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பைக் சர்வீஸ், மழை, லீவு எல்லாவற்றுக்கும் பின்னால் இது இருந்திருக்கிறது. சித்தி ரயில் ஏறுவது எந்தச் செல்லுக்கும் தெரியாது, அருவியில் குளித்தால் எதுவும் கிளம்பாது, வருடாந்திரப் பரிசோதனையை மட்டும் விடக்கூடாது என்றேன். ஆவடி பக்கம் போகும் ரயில் வந்ததும், ஏறுவதற்கு முன் சித்தப்பா அது எங்கே போகிறது என்று மூன்று பேரிடம் கேட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒவ்வொரு வாசலிலும் உடைந்த பூசணிக்காய். அவற்றைத் தாண்டித் தாண்டி நசீமாவின் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேயும் முதலாளி உத்தரவுப்படி மைக்ரோஸ்கோப்புக்கு மூன்று பட்டை சந்தனம் இருந்தது. கண் வைக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம் என்று நசீமா சண்டை போட்டுத் தடுத்தாளாம். பொட்டு வைத்த ஃபிளாஸ்க்குகளை அவள் கையில் கொடுத்தேன். அவள் ஐந்து நிமிடம் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

சோதனை எளிது. கிண்ணத்தின் அடி ஒரு சல்லடை, செல் நுழைந்து போகும் அளவுக்கு ஓட்டைகள், அதன் மேல் மெல்லிய ஜெல். மேலே செல்களைப் பட்டினியாக விடவேண்டும், கீழே சாப்பாடு வைக்கவேண்டும். பிரேக் இல்லாதவை ஜெல்லைத் தின்றுகொண்டு மறுநாளைக்குள் கீழே இறங்கிவிடும். பிரேக் உள்ளவற்றில் பெரும்பாலானவை மேலேயே கிடக்கும். சந்தனத்துக்கு ஒரு வரிசை, குங்குமத்துக்கு ஒரு வரிசை. வைத்துவிட்டு ஆவடிக்குத் திரும்பினோம், இந்த முறை சரியான ரயிலில்.

நான்காம் நாள்.

காலையில் சித்தப்பா எனக்கு முன்பே தயாராகி நின்றார். சட்டைப் பையில் ஏதோ நீளமாகத் துருத்திக்கொண்டிருந்தது. நசீமாவின் கூடத்தில், கீழே இறங்கிய செல்கள் தெரிவதற்காகச் சல்லடைகளை ஊதாச் சாயத்தில் முக்கிக் கழுவினோம். நசீமாவை முதலில் பார்க்கச் சொன்னேன். அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், வரிசையை மாற்றி மறுபடி குனிந்தாள். எனக்கு இரண்டு வருடம் அந்த ஒரு நிமிடத்தில் ஓடி முடிந்தது.

குங்குமத்தின் சல்லடையில் அடிப்பக்கம் முழுக்க ஊதாப் புள்ளிகள், ரயில் விட்டதும் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் கூட்டம் மாதிரி. சந்தனத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். எல்லாக் கிண்ணத்திலும் அதே கதை. பிரேக் சந்தனத்தில் இருந்தது. நான் நசீமாவைக் கட்டிப்பிடித்து அழுதேன், அவளும் அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்பிரிட் போட்டுக் கை கழுவினோம்.

சித்தப்பாவும் பார்க்கவேண்டும் என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து அந்த நீளமான பொருளை எடுத்தார். உலோகத்தில் கோடு கிழிக்கும் கூரான எஃகுக் கம்பி. தொழிற்சாலையில் அழியாத அடையாளம் போட அதைத்தான் வைத்திருப்பாராம். இனி எவன் ஸ்பிரிட் போட்டாலும் போகாது, கீறித் தரட்டுமா என்று அனுமதி கேட்டார். செல் ஒட்டியிருக்கும் பக்கம் வேண்டாம், கழுத்தோரம் கீறுங்கள் என்று சந்தனத்தைக் கொடுத்தேன். கூட்டல் குறி போட்டார். அதன் கீழே, நான் சொல்லாமலே, சின்ன எழுத்தில் ‘பகவதி’ என்று கீறினார்.

வீட்டுக்கு வந்ததும் இதையும் சித்தியிடம் சொன்னேன். கையில் தோசைக் கரண்டியோடு கேட்டுக்கொண்டிருந்தவர், தன் பெயரை ஓடினதில் எழுதினாரா, ஓடாததில் எழுதினாரா என்று கேட்டார். ஓடாததில் என்றேன்.

“சரியாட்டுதான் எழுதியிருக்காரு மக்ளே. ஆறு வருசமா நான் இந்த ஆவடிய விட்டு எங்க நகந்தேன்?”

சித்தப்பா சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திற்பரப்பில் இப்போது தண்ணீர் வருமா பாப்பா என்று என்னைக் கேட்டார். கரண்டி அப்படியே நின்றது. மழைக்காலம் சித்தப்பா, நன்றாகவே விழும் என்றேன். சித்தி அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கத் தொடங்கினார். இன்றைக்கே இல்லை பகவதி என்று சித்தப்பா சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

கல்லூரி திறந்ததும் மரபணுச் சோதனையும் செய்து பார்த்தோம், கிண்ணம் சொன்னதேதான் வந்தது. பேராசிரியர் ஃபிளாஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. யார் இந்தப் பகவதி என்று மட்டும் கேட்டார்.

“என் சித்தி சார். இப்ப திற்பரப்புல குளிச்சிட்டிருப்பாங்க” என்றேன்.